ஆலை மறைந்தது; விஷம் மறையவில்லை

ஓர் ஊருக்கு ஒரு கம்பெனி வருகிறது. ஆலை எழுகிறது, கூலி கிடைக்கிறது, கடைவீதி பெருகுகிறது. நாற்பது ஐம்பது வருஷங்கள் கழிந்தபின் ஆலை மூடப்படுகிறது. யந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. கொட்டகைகள் இடிந்து அவ்விடத்தில் புல் முளைக்கிறது. கம்பெனியின் லாபக் கணக்கு அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் மண்ணுக்குள் அது விட்டுச்சென்ற கணக்கு ஒன்று இருக்கிறதே, அது முடிவது எப்பொழுது? அதைத் தீர்க்கக் கடமைப்பட்டவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை காண விரும்புவோர், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மோன்டானா மாகாணத்திலுள்ள ராக்கர் என்னும் சிற்றூரின் வரலாற்றைச் சிறிது ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

மோன்டானாவில் பியூட் என்னும் நகரம் செம்புச் சுரங்கங்களால் பெயர் பெற்றது. உலகெங்கும் மின்சார விளக்கும் தந்திக் கம்பியும் பரவிய காலத்தில், அவற்றிற்கு வேண்டிய செம்பில் பெரும் பங்கை அளித்தது அந்நகரமே. பூமியைக் குடைந்துகொண்டு போகும் சுரங்க வழிகள் சரிந்து விழாமலிருக்க மர முட்டுகள் கொடுத்தாகவேண்டும். சுரங்கத்தினுள்ளோ ஈரமும் புழுக்கமும் அதிகம். அங்கே வைத்த மரம் பூஞ்சணம் பிடித்துச் சில வருஷங்களிலேயே மக்கிப்போகும். மக்கிய முட்டு முறிந்தால் போவது மனித உயிர். ஆகவே அனகோண்டா கம்பெனியார் 1909-ம் வருஷத்தில் பியூட்டுக்கு மேற்கே, ஸில்வர் போ என்னும் ஓடையின் கரையில், ராக்கரிலே மரத்தை அறுத்துப் பொருத்தி மருந்தூட்டும் பட்டறை ஒன்றை நிறுவினார்கள். 1957 வரையில் அது நடந்துவந்தது.

மரத்துக்கு ஊட்டிய மருந்து எது? ஒன்று, கிரியோசோட் என்னும் கீல் எண்ணெய். மற்றொன்று, நமது சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று கூறும் ஆர்ஸனிக் பொடி. இப்பாஷாணத்தைக் கம்பெனியார் விலை கொடுத்துத் தேடவேண்டியிருக்கவில்லை. பியூட்டில் எடுக்கும் செம்புக் கல்லிலேயே ஆர்ஸனிக் கலந்திருக்கிறது. அனகோண்டா நகரத்திலுள்ள உருக்காலையில் அக்கல்லைச் சுடும்பொழுது ஆர்ஸனிக் புகையாகக் கிளம்பி, புகைக் குழாய்களில் வெண்மையான தூளாகப் படிந்தது. செம்பை உருக்கியபோது பிறந்த விஷமே செம்பு தோண்டும் சுரங்கத்தைத் தாங்கும் மரத்துக்குக் காவலாயிற்று. கழிவையும் காசாக்கும் சாமர்த்தியம் என்று அக்காலத்தார் இதை வியந்திருக்கக்கூடும்.

ஆனால் அப்புகை முழுவதும் குழாயில் தங்கிவிடவில்லை. வெளியே சென்று புல்லின்மேல் படிந்தது. அப்புல்லை மேய்ந்த குதிரைகளும் மாடுகளும் மாண்டன. டீர் லாட்ஜ் பள்ளத்தாக்கிலுள்ள குடியானவர்களின் சார்பில் பிளிஸ் என்பவர் 1905-ம் வருஷத்தில் உருக்காலையின்மீது வழக்குத் தொடர்ந்து, ஆலையை நிறுத்த உத்தரவு கோரினார். 1909-ம் வருஷத்தில் தீர்ப்பு வெளிவந்தது. ஆலையை நிறுத்தினால் அதை நம்பியிருக்கும் நகரங்கள் பாழாகும். குடியானவர்களுக்கு நேர்ந்த நஷ்டத்தைவிட அந்த நஷ்டம் பெரிது என்று கூறிக் கோர்ட்டார் தடை உத்தரவு வழங்க மறுத்தனர். 1911-ல் அப்பீலிலும் அதே முடிவு உறுதியாயிற்று.

சட்டம் படித்தவர்கள் அத்தீர்ப்பின் தர்க்கத்தை எளிதில் அறிவார்கள். தராசின் ஒரு தட்டில் ஆயிரக்கணக்கானவர்களின் கூலியும் கம்பெனியின் மூலதனமும் இருந்தன. மறு தட்டில் சில குடியானவர்களின் மாடுகள் இருந்தன. எந்தத் தட்டு தாழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் அத்தராசில் ஏற்றப்படாத பொருள் ஒன்று உண்டு. அன்று பிறந்திராத பேரப்பிள்ளைகள் குடிக்கவேண்டிய தண்ணீரை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. தீர்ப்புச் சொல்லப்பட்ட அதே 1909-ம் வருஷத்தில்தான் ராக்கர் பட்டறையும் எழுந்தது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்வார்களாக.

பட்டறையில் நடந்தது கொடுஞ்செயல் எதுவுமன்று; அன்றாட அஜாக்கிரதைதான். மருந்தில் தோய்த்தெடுத்த மரம் சொட்டச் சொட்டக் கிடந்தது. பாஷாணக் கரைசல் தொட்டியிலிருந்து வழிந்தது. பொடி சிந்தியது. மருந்தேறிய மரச் சீவல்கள் அங்கேயே குவிந்தன. மழையும் பனிநீரும் அவற்றைக் கழுவி மண்ணுக்குள் இறக்கின. இப்படி ஒரு நாள் இரண்டு நாளல்ல. சுமார் ஐம்பது வருஷ காலம். பட்டறை மூடியபின் அங்கே என்ன இருக்கிறதென்று கேட்பாரில்லை.

இந்த விஷத்தின் இயல்பை இங்கே கூறியாகவேண்டும். சாக்கடைக் கழிவு நாளடைவில் மக்கி மண்ணாகும். எத்தனையோ ரசாயனச் சரக்குகளைத் தீயிலிட்டு அழிக்கலாம். சில கிருமிகளே அவற்றைத் தின்று தீர்ப்பதும் உண்டு. ஆர்ஸனிக்கோ மூலப்பொருள்களில் ஒன்று. அதை எரித்தால் புகையாகும். கரைத்தால் நீரோடு போகும். புதைத்தால் புதைந்தபடியே இருக்கும். அழிவு என்பது மட்டும் அதற்கு இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை இருக்கலாமென்று அமெரிக்க சர்க்கார் முன்பு வைத்திருந்த அளவை 2001-ம் வருஷத்தில் 10 மைக்ரோகிராமாகக் குறைத்தனர். உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூறும் அளவும் அதுவே. அதாவது, ஒரே ஒரு கிராம் ஆர்ஸனிக் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும்! அதற்கு மணமில்லை, நிறமில்லை, ருசியுமில்லை. பல வருஷங்கள் குடித்தபின்புதான் உள்ளங்கை தடித்து, தோலில் புள்ளிகள் விழுந்து, தோலிலும் நுரையீரலிலும் மூத்திரப்பையிலும் புற்றுநோய் தலைகாட்டும்.

1980-ம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. ஸூபர்பண்ட் என்று அதைப் பொதுவாக அழைக்கிறார்கள். விஷம் தேங்கிய இடங்களைச் சுத்திசெய்யும் செலவை அதற்குக் காரணமானவர்களிடமே வசூலிப்பது அதன் உயிர்நாடி. ‘அக்காலத்தில் இது குற்றமாக இருக்கவில்லை’ என்னும் வாதம் அங்கே செல்லாது. ‘எங்களிடம் கவனக் குறைவு இல்லை’ என்னும் வாதமும் செல்லாது. அனகோண்டா கம்பெனியை 1977-ல் அட்லாண்டிக் ரிச்பீல்டு என்னும் எண்ணெய்க் கம்பெனி வாங்கியிருந்தது. சொத்தை வாங்கியவர்கள் சொத்தோடு சேர்ந்த கடனையும் வாங்கியவர்களானார்கள். ஸில்வர் போ ஓடைப் பிரதேசம் 1983-ல் அச்சட்டத்தின் ஜாபிதாவில் ஏறிற்று. ராக்கர் பட்டறை இருந்த இடமும் அதில் ஒரு பகுதியாயிற்று.

1989-ல் அசுத்த மண்ணும் மரச் சீவல்களும் முதலில் ஓரளவு அகற்றப்பட்டன. முழுத் திட்டம் 1995-ல் முடிவாகி, 1997-ல் வேலை நடந்தது. மண்ணைத் தோண்டினார்கள், அன்னபேதியும் சுண்ணாம்பும் கலந்தார்கள். நமது வீடுகளில் தெரிந்த இவ்விரு சரக்குகளும் அங்கே செய்த வேலை யாது? அன்னபேதியில் இரும்பு உண்டு. சுண்ணாம்பு சேர்ந்தவுடன் அவ்விரும்பு துருவாகப் பிரிந்து படிகிறது. அத்துரு ஆர்ஸனிக்கைத் தன்மேல் இழுத்துப் பற்றிக்கொள்ளும். கரைந்து ஓடிக்கொண்டிருந்த விஷம் அதனால் மண்ணோடு கட்டுண்டு நிற்கும். அதன்மேல் நல்ல மண் போட்டு மூடினார்கள். ஊர் ஜனங்கள் கிணறு தோண்டி நீர் இறைத்தால் விஷநீர் ஆழத்துக்கு இழுக்கப்படுமாதலால், வேறிடத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்து, அவ்விடத்தைச் சுற்றிக் கிணறு தோண்டுவதைக் கட்டுப்படுத்தினார்கள்.

அத்துடன் காரியம் முடிந்துவிட்டதா? இல்லை. நிலத்தடி நீரிலிருந்து ஆர்ஸனிக் முற்றும் நீங்கிவிடவில்லை. துருவின் பிடி காற்றின் பிராணவாயு உள்ளவரைதான் உறுதியாக இருக்கும். கீல் எண்ணெயும் மக்கிய மரமும் கிடக்கும் மண்ணில் பிராணவாயு குறையும். குறைந்தால் துரு கரையும். துரு கரைந்தால் அது பிடித்துவைத்த ஆர்ஸனிக்கும் விடுபடும். ஆதலால் சோதனைக் கிணறுகளிலிருந்து நீரெடுத்துப் பரீட்சிப்பதும், ஐந்து வருஷங்களுக்கு ஒருமுறை நிலைமையை ஆராய்வதும் ஓய்வில்லாத கடமையாயின. நமது புராணத்தில் ஆலகால விஷம் எழுந்தபோது ஈசனாலும் அதை இல்லாமற் செய்ய முடியவில்லை. கண்டத்திலே நிறுத்திக் காத்தான் என்றுதான் கேட்கிறோம். ஆர்ஸனிக்கைச் சுத்திசெய்தல் என்பதும் அத்தகையதே. விஷத்தைச் சிறையிலிடலாம், சிறைக்குக் காவலன் என்றென்றும் வேண்டும். அக்காவலனுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதே கேள்வி.

ராக்கரிலே கேட்பதற்கு ஒரு பணக்காரக் கம்பெனி மிஞ்சியிருந்தது. திவாலாகிப் போனவர்களின் இடங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும்? எண்ணெய், ரசாயனத் தொழில்கள்மீது தனி வரி விதித்து அந்நிதியை நிரப்பிவந்தார்கள். 1995-ம் வருஷ முடிவில் அவ்வரி காலாவதியாயிற்று. பிறகு கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் பொதுஜனங்களின் வரிப்பணமே அச்சுமையைத் தாங்கியது. ரசாயனச் சரக்குகள்மீதான வரியை மீண்டும் கொணரச் சட்டம் வந்தது 2021-ல்தான்.

இவ்விஷயத்தில் நமது தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ராக்கரில் பயன்பட்ட பாஷாணத்தின் பெருங்குறை, அது மரத்தினுள் நிலைக்காமல் நீரோடு கசிந்துவிடுவது. அக்குறையைத் தீர்க்க வழி கண்டவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஸோன்டி காமேசன் என்னும் இந்திய விஞ்ஞானி. 1933-ம் வருஷத்தில் அவர் ஆர்ஸனிக்கையும் செம்பு உப்பையும் குரோமிய உப்போடு சேர்த்தார். குரோமியம் மற்ற இரண்டையும் மரத்தோடு பிணைத்துவிட்டது. கறையானும் பூஞ்சணமும் அம்மரத்தை அணுகவில்லை. அஸ்கு என்னும் பெயருடன் அக்கலவை கடல் கடந்து சென்று, அமெரிக்காவின் டெலிபோன் கம்பங்கள் முதல் வீட்டுத் தாழ்வாரங்கள் வரையில் பரவியது. அடிமை இந்தியாவின் அறிவு உலகுக்கு அளித்த கொடைகளில் இதுவும் ஒன்றென்று நாம் பெருமைப்படுவது நியாயமே.

ஆனால் அறிஞன் கண்ட முறை வேறு. வியாபாரி அதைக் கையாளும் முறை வேறு. கலவை மரத்தோடு பிணைவதற்குக் கால அவகாசம் வேண்டும். அதற்குள் மரத்தை வெட்டவெளியில் அடுக்கினால் விஷம் தரையிலேதான் சொட்டும். கலிபோர்னியாவிலுள்ள ஸெல்மா முதலிய இடங்களில் மரப் பட்டறைகளின் மண்ணில் குரோமியமும் ஆர்ஸனிக்கும் ஊறி, அவையும் ஸூபர்பண்ட் ஜாபிதாவில் சேர்ந்தன. 2003-ம் வருஷ முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான மரங்களில் இக்கலவையை ஊட்டுவதும் பெரும்பாலும் நின்றது.

நமது நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? ராஜஸ்தானத்தில் உதயப்பூரை அடுத்த பிச்ரி கிராமத்தில் ஒரு ரசாயன ஆலை 375 டன் சரக்கு செய்து, 2,440 டன் விஷச் சேற்றை விட்டுச்சென்றது. சுற்றுப்புறக் கிணறுகள் பாழாயின. கெடுத்தவனே திருத்தும் செலவையும் ஏற்கவேண்டுமென்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதே வருஷத்தில், நமது பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வேலூர் வழக்கிலும் அக்கொள்கையை நாட்டின் சட்டமென அறிவித்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். ஆனால் மனுவின்மேல் மனுவாகப் போட்டுப் பதினைந்து வருஷங்கள் பணம் கட்டாமல் கடத்தினார்கள்! 37 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அத்தொகையைக் கூட்டுவட்டியோடு செலுத்துமாறு 2011-ல் மீண்டும் அதே கோர்ட்டு உத்தரவிட நேர்ந்தது. அசுத்தமடைந்த இடங்களைக் கண்டறிந்து சீர்திருத்துவதற்கென்றே மத்திய சர்க்கார் விதிகள் வெளியிட்டது 2025-ம் வருஷத்தில்தான்.

விதி காகிதத்தில் இருப்பது வேறு, நடைமுறையில் இருப்பது வேறு என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆலை மூடிய பிறகு கடன்காரனைத் தேடி அலைவதைக் காட்டிலும், ஆலை திறக்கும்போதே ஜாமீன் வாங்குவது உத்தமம். விஷச் சரக்கைக் கையாளும் எந்தத் தொழிலும், தொடங்குமுன் அவ்விடத்து மண்ணையும் கிணற்று நீரையும் பரீட்சித்துப் பதிவு செய்யட்டும். சுத்திசெய்வதற்கான தொகையை முன்னதாகவே சர்க்காரிடம் கட்டிவைக்கட்டும். மூடும் நாளில் மீண்டும் பரீட்சை நடக்கட்டும். பரீட்சையின் முடிவை ஊர்ச் சபையில் தமிழிலே படிக்கட்டும். இவற்றைக் கேட்பது தொழில் வளர்ச்சிக்கு விரோதம் என்று சிலர் கூறுவர். 1909-ம் வருஷத்தில் மோன்டானாவிலும் அப்படித்தான் கூறினார்கள். அன்று தீர்ப்புச் சொன்னவர்கள் இல்லை. தீர்ப்பைப் பெற்றுப் பூரித்த கம்பெனியும் இல்லை. ராக்கரில் இன்னும் கிணற்று நீரைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.