புதிய கடல்நீர் மீன்தொட்டியில் நீர் கலங்குதலும் பரிகாரமும்

அறுகம்பே, பொத்துவில், கல்முனை ஆகிய கரையோர ஊர்களில் வீட்டிலோ விடுதியிலோ கடல்மீன் தொட்டி அமைப்போர் கடல்நீருக்காகத் தூரம் செல்ல வேண்டியதில்லை. ஆயினும், தொட்டியை நிரப்பிய சில தினங்களில் நீர் கலங்கிவிடுவதுண்டு. அதைக் கண்டு பதற்றமுற்று நீர் முழுவதையும் மாற்றுவதும், பொறுமையின்றி அந்நீரிலேயே மீனை விடுவதும் தவறாகும். பணங்கொடுத்து வாங்கிய மீன்கள் மடிவதற்கு இவ்வவசரமே பெரும்பாலும் காரணமாகிறது.

கலங்கலின் வகையை அறிதல்

தொட்டி நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு, ஓரிரவு அசையாது வைக்கவும். காலையில் அடியில் வண்டல் படிந்து மேல்நீர் தெளிந்திருப்பின், அது மணல் தூசாகும். படியாது பால்போல் வெளுத்திருப்பின், அது பற்றீரியாப் பெருக்கமாகும். பச்சை நிறமாயின் நுண்ணிய பாசியாகும்.

பரிகாரம்

1. மணல் தூசு: வடியில் பஞ்சு வைத்து நீரை ஓடவிட்டால் ஓரிரு நாளில் தெளியும். மணலைத் தொட்டியில் இடுமுன், கழுவிய நீர் தெளிவாக வரும்வரை நன்னீரில் அலசியிருந்தால் இத்தொல்லை நேராது.

2. பால்நிறம்: மிஞ்சிய உணவையும் இறந்த உயிர்களையும் அகற்றவும். உணவிடுதலை நிறுத்தவும். இப்பற்றீரியா நீரிலுள்ள ஒட்சிசனை உட்கொள்வதால், காற்றுப் பம்பியை இரவும் பகலும் இயக்கவும். பொதுவாக ஒரு வாரமளவில் தானே தெளியும். மீன் முன்னரே விடப்பட்டிருப்பின், தினமும் காற்பங்கு நீரை மாற்றவும்.

3. பச்சை நிறம்: தொட்டியில் நேர்வெயில் படாதவாறு இடம் மாற்றவும்.

தெளிந்த நீர் பக்குவமான நீரன்று

மக்காத எருவை வயலிலிட்டால் நாற்று கருகுவதைக் கமக்காரர் அறிவர். புதிய தொட்டியும் அத்தகையதே. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சாகும். மணலிலும் வடியிலும் குடியேறும் நன்மை தரும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் வரை செல்லும். நீர் தெளிந்தபின், மீனின்றியே மிகச் சிறிதளவு உணவை இட்டுவந்தால் இவை வளரும். சோதனைப் பெட்டியால் பரிசோதித்து, அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென உறுதிசெய்த பின்னரே ஓரிரு மீன்களை முதலில் விடவும்.

கடல்நீர் எடுத்தல்

மாரி காலத்தில் களப்பின் முகத்துவாரம் வழியே மண்ணும் நன்னீரும் கடலிற் கலக்கும். அக்காலத்தில் அதனருகே எடுக்கும் நீர் கலங்கலாயும் உப்புக் குறைந்ததாயும் இருக்கும். நல்ல கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புண்டு. ஆகவே, முகத்துவாரத்துக்கும் எண்ணெய் படியும் தோணித் துறைக்கும் அப்பால், கடல் அமைதியான நாளில் நீர் எடுக்கவும். இரட்டைத் துணியில் வடித்து, மூடிய பாத்திரத்தில் இருட்டில் சில நாள் வைத்து, மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றவும்.

பொறுத்திருக்கும் இந்த ஆறு வாரங்கள் வீணல்ல. மீனின் உயிரும் உங்கள் முதலும் அதனாலேயே காப்பாற்றப்படும்.