கொழுந்தின் எடையும் கட்டுரையின் எடையும்

சென்ற பொங்கல் விடுமுறையில், மூணாற்றை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் நமது சிற்றன்னையார் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர்தம் மகன் வான்பௌதிகத்தில் ஆராய்ச்சி மாணவன். பண்டிகை நாளிலும் தம்பியின் முகத்தில் களையில்லை. காரணம் வினவினோம்.

"மூன்றாண்டு உழைப்பில் ஒரே கட்டுரைதான் வெளிவந்தது, அண்ணா. அதையும் இதுவரை இருவரே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஆராய்ச்சியை விட்டுவிட்டு வங்கித் தேர்வு எழுதலாமென்று விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன்" என்றான்.

சிற்றன்னையார் வியப்புடன் கேட்டார்: "நாங்கள் கிள்ளும் கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதுவார்கள். படித்தவர் வேலையையுமா நிறுக்கிறார்கள்?"

நிறுக்கத்தான் செய்கிறார்கள். ஒருவர் எழுதிய கட்டுரையைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டுகின்றனர் என்று எண்ணும் அட்டவணையை, அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் வெளியிடத் தொடங்கினார். 2005-இல் ஹிர்ஷ் என்னும் பௌதிகப் பேராசிரியர் மற்றோர் அளவையை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது, ஒவ்வொன்றும் இருபது முறையேனும் சுட்டப்பட்டிருந்தால் அவரது எண் இருபது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நமக்கும் இக்கணக்கு விளங்குகிறது. ஆனால் இவ்வெண் ஒருவரை முழுதும் அளக்குமா?

இதற்கு விடை, ஊர்விட்டு ஊர் சென்ற ஒரு தமிழ்க் குடும்பத்தின் வரலாற்றில் உள்ளது. விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். தந்தையார் அங்கே வடமேற்கு இரயில்வேயின் கணக்குத் துறையில் உயர் அதிகாரி. இரயில்வேயில் எழுத்தராக ஊழியம் செய்யும் நமக்கு இதில் சிறிது பெருமை உண்டு.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குள்ளனாகும் என்பது அன்றைய கருத்து. நிறை ஓர் எல்லையைக் கடந்தால் அது அவ்வாறு நிலைத்து நிற்க இயலாது என்று பத்தொன்பது வயது இளைஞர் கப்பலிலேயே கணக்கிட்டார். 1931-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அது இரண்டே பக்கம்! அதில் அவர் கண்ட எல்லை சூரியனின் நிறையில் 0.91 பங்கு. விண்மீனின் உட்பொருள் பற்றிய அறிவு வளர்ந்தபின் அவ்வெல்லை ஏறத்தாழ 1.4 மடங்கு எனத் திருத்தம் பெற்றது.

1935 ஜனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் தம் முடிவை விளக்கினார். அக்காலத்துப் பேரறிஞர் எடிங்டன் எழுந்து அதை எள்ளி நகையாடினார். இளைஞர் மனம் தளரவில்லை. 1939-இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றி நூலெழுதி முடித்து, வேறு துறைக்குச் சென்றார். அவ்வெல்லைக்கு அப்பால் நியூட்ரான் விண்மீன்களும் கருந்துளைகளும் உண்டென உலகம் பின்னரே தெளிந்தது. 1983-இல் நோபெல் பரிசு வந்தது. கப்பலேறிய நாளுக்கும் பரிசுக்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள்!

இன்று 'சந்திரசேகர் எல்லை' என்பது பாடப்புத்தகச் சொல். அதை வழங்குவோர் பலர் மூலக் கட்டுரையைச் சுட்டுவதே இல்லை. பொதுச்சொத்தாகிவிட்ட அறிவு மேற்கோள் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. மாறாக, ஒழுங்கற்ற இயக்கங்களைப் பற்றி 1943-இல் அவர் எழுதிய 89 பக்கக் கட்டுரையை வானியலார் மட்டுமன்றி வேதியியலாரும் உயிரியலாரும் ஓயாது சுட்டிவருகின்றனர். எண்ணிக்கை பொய்யன்று, ஆயினும் அது முழு உண்மையுமன்று.

நமது தொழிலில் ஓர் உவமை உண்டு. சிறு நிலையத்தில் விற்கும் பயணச்சீட்டு சொற்பமே. ஆனால் அங்கே சைகை விழாவிடில் விரைவு வண்டியும் நின்றுவிடும். சீட்டுக் கணக்கை மட்டும் பார்ப்பவர் அந்நிலையத்தின் மதிப்பை அறியார்.

இவற்றைத் தம்பியிடம் எடுத்துரைத்தோம். "அவர் சந்திரசேகர்; நான் யார்?" என்றான் அவன். நமக்கு விடை எழவில்லை. சிற்றன்னையார்தாம் சொன்னார்: "நட்ட ஆண்டே எந்தச் செடியிலடா கொழுந்து கிள்ளினோம்? மூன்று நான்கு வருஷம் வளரவிட்டல்லவா கூடையைத் தூக்குகிறோம்? அந்த இருவர் யாரென்றாவது பார்த்தாயா?"

தம்பி பார்த்திருக்கவில்லை. அன்றிரவே தேடினான். இருவருள் ஒருவர், அவன் கட்டுரையின் முடிவை அடிப்படையாகக் கொண்டு தம் ஆய்வைத் தொடர்ந்திருந்தார். மறுநாள் காலை அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினான். வங்கி விண்ணப்பம் இன்னும் அவன் பெட்டியில்தான் இருக்கிறது. அதைக் கிழிக்குமாறு நாம் சொல்லவில்லை. வீட்டின் வறுமையை அறிந்தவன் அவன்.

அன்பர்களே! நம் பிள்ளைகள் வீடு திரும்புகையில் எத்தனை என்று மட்டும் கேளாதிருப்போம். எதைச் செய்தாய், அது யாருக்குப் பயன்பட்டது என்றும் கேட்போம்.