நாட்டுப்புறத்துக் குருவானவர் ஆரோன்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் 1924ஆம் ஆண்டு முதல் நிலைபெற்றிருக்கும் சீயோன் லுத்தரன் தேவாலயத்தின் பூர்வீகத்தைத் தேடிச் செல்வோமாயின், கடல் கடந்து மலாயாவுக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் வழியே தரங்கம்பாடியைச் சென்றடைவோம். அங்கே, 1718இல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராக நெடுங்காலம் ஊழியம் புரிந்த கடலூர்க்காரர் ஆரோனுக்கு, 1733 டிசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் அளிக்கப்பட்டபோது, இந்தியருள் முதல் லுத்தரன் குருவானவர் என்னும் ஸ்தானம் அவருக்கு உரியதாயிற்று.

இதை மிஷனரிமாரின் பெருந்தன்மை என்று மாத்திரம் கொள்வதற்கில்லை. அந்நாளில் தரங்கம்பாடி டேனியருடையது, அதன் எல்லையைத் தாண்டினால் தஞ்சை மராத்திய மன்னரின் ராஜ்யம். அங்கே ஐரோப்பியப் பாதிரிமார் யதேச்சையாகப் பிரவேசிக்க இயலாதிருந்தமையால், கிராமங்களில் சிதறிக் கிடந்த சபையாருக்கு ஞானஸ்நானமும் நற்கருணையும் வழங்க, அந்நாட்டு மனிதர் ஒருவரே அவசியமானார். மாயவரம் பக்கத்து வயல் வரப்புகளில் ஊர் ஊராய்ச் சென்று, உபதேசியார்களை மேற்பார்த்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேச வினாவிடையைப் பாடம் கேட்டு, பிணியாளரைச் சந்தித்து, 1745இல் மரணமடையும் வரையில் அவர் உழைத்தார். மிஷனின் அறிக்கைகள் ஜெர்மனியில் ஹாலே நகரத்திலே அச்சேறி வந்தபடியால், காவிரிக்கரைக் குக்கிராமத்துச் சமாசாரங்களை அந்நாளைய ஜெர்மானியர் நம்மவரைவிட நன்றாகவே அறிந்திருந்தனர் போலும்!

ஆரோனுக்கு அடுத்தபடியாகக் குருப்பட்டம் பெற்ற தமிழர் தியோகு, ஆண்டு 1741.