படப்பெட்டியின் கடைசி ஊர்

சினிமா வியாபாரத்தில் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்திருப்பார்கள். அதில் செங்கல்பட்டு ஒரு ஏரியா. அதற்குள்ளேயும் சிங்கப்பெருமாள் கோயில் போன்ற ஜி.எஸ்.டி. சாலையோர ஊர்களெல்லாம் 'சி சென்டர்'. மவுண்ட் ரோட்டில் வெளியான படம் தாம்பரம், செங்கல்பட்டு டவுன் என்று ஓடி முடித்த பிறகுதான் இந்தப் பக்கத்துக் கீற்றுக் கொட்டகைகளுக்குப் பெட்டி வரும். அதற்குள் மாதங்கள் போயிருக்கும். சில படங்களுக்கு வருஷங்களே போயிருக்கும்.

பெட்டி வந்து இறங்கும்போதே பிரிண்ட் தேய்ந்திருக்கும். திரை முழுக்கக் கோடு கோடாக ஓடும். 'படத்துல மழை பெய்யுது' என்போம். நடுவில் அறுந்தால் ஆபரேட்டர் இரண்டு முனையையும் வெட்டி ஒட்டுவார். வெட்டிப் போட்ட துண்டுகளை மறுநாள் காலையில் பையன்கள் பொறுக்கிக்கொண்டு போய், கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, லென்ஸ் வைத்து, வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். கைதட்டிப் பார்த்த ஒவ்வொரு ஊரிலும் படம் சில அடி குறைந்தது. பட்டணத்து ஜனங்கள் பார்த்த நீளத்தில் நாங்கள் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

ஓடி முடிந்த பிரிண்ட், விநியோகஸ்தர்கள் வரிசையாக அலுவலகம் வைத்திருந்த மீரான் சாகிப் தெருவுக்குத் திரும்பும். உரிமைக்காலம் முடிந்துவிட்டால் அதற்கு எடைக்குத்தான் விலை. கறுப்பு வெள்ளை ஃபிலிமின் பூச்சில் வெள்ளி இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கவே சுருள்களை வாங்கினார்கள். 1950களின் தொடக்கம் வரை படங்கள் அச்சானது நைட்ரேட் ஃபிலிமில். அது எளிதில் தீப்பிடிக்கும். நம்முடைய புழுக்கத்தில் தானாகவே உளுத்துப் பொடியாகும். வைத்திருப்பது ஆபத்து, போட்டால் காசு. பிறகு யார் வைத்திருப்பார்கள்?

அப்படித்தான் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' போனது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' போனது. அதன் சுருள்கள் பம்பாயிலிருந்து சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது கூட்டம் பூப்போட்டு, தேங்காய் உடைத்து, வால்டாக்ஸ் ரோடு வழியே ஊர்வலமாகக் கூட வந்தது என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936இல் தானே இயக்கிய 'மிஸ் கமலா'வும் இல்லை. ஒரு பெண் அந்தக் காலத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்று எதைப் பார்த்தார் என்பதை இனி யாரும் பார்க்க முடியாது. எனக்கு மற்ற எல்லா இழப்பையும்விடப் பெரிதாகப் படுவது இதுதான்.

தப்பிய படங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். தென்னிந்திய மௌனப் படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' (1933) மட்டும் இன்றும் இருக்கிறது. படத்துக்கு மூலமான நாவலைப் பதிப்பித்த கமலாலயா புத்தக நிலையம் பதிப்புரிமை கேட்டு வழக்குப் போட, படம் முடங்கியது. சுருள்கள் பதிப்பாளரிடமே தங்கின. 1970களில் ஆவணக் காப்பாளர் பி.கே. நாயர் அதை மீட்டு, புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் சேர்த்தார். எங்களூர் போன்ற ஊர்களுக்கு வராததால் பிழைத்த படம் அது. கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி' (1939) வெள்ளைக்கார அரசின் தடைக்கு ஆளானது. தடை உத்தரவு கைக்கு வருமுன் கெயிட்டி தியேட்டரில் இலவசமாகவே காட்டினார்கள். அந்தப் படத்துக்கும் புனேயில் ஒரு பிரதி இருக்கிறது. ஜனங்கள் ஆசையாகப் பார்த்த படம் அழிந்து, பார்க்கவிடாத படம் மிஞ்சியிருப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்று சிங்கப்பெருமாள் கோயிலில் சி சென்டர் என்ற பேச்சே இல்லை. ஒரு பக்கம் மகிந்திரா சிட்டி, இன்னொரு பக்கம் ஒரகடம் போகும் சாலை. சென்னையில் வெள்ளிக்கிழமை வரும் படம் இங்கே சுற்றுவட்டாரத் திரைகளிலும் அதே வெள்ளிக்கிழமை வருகிறது. கோடு விழாது, அறுந்துபோகாது. வருவது பெட்டியல்ல, பூட்டிய கோப்பு. அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி குறித்த நாட்களுக்கு மட்டும்தான் செல்லும். நாள் முடிந்தால் தியேட்டரில் இருப்பது வெறும் ஹார்டு டிஸ்க். பையன்கள் பொறுக்க ஒரு துண்டும் மிஞ்சுவதில்லை.

'எல்லாம்தான் யூடியூபில் கிடைக்கிறதே' என்பார்கள். அங்கே பெரும்பாலும் இருப்பது டிவி லோகோவோடு, ஓரம் வெட்டுப்பட்டு, நிறம் வெளுத்த பிரதி. நெகட்டிவ் இருந்தால் 2012இல் 'கர்ணன்' மறுபடி தியேட்டருக்கு வந்ததுபோல ஒரு படம் முழுசாக எழுந்து வரும். தன் 'வீடு' படத்தின் நெகட்டிவ் இல்லாமல் போனதைப் பாலு மகேந்திரா மேடையில் வருந்திச் சொன்னார். அது தேசிய விருது வாங்கிய படம். நாலே நாள் ஓடிப் போன சின்னத் தயாரிப்பாளரின் படம் இப்போது அவர் வீட்டு பீரோவில், ஒரு டிஸ்க்கில் இருக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை வேறு டிஸ்க்குக்கு மாற்றாவிட்டால் அது திறக்காமல் போகலாம். கடனில் இருப்பவர் அதை மாற்றிக்கொண்டா இருப்பார்?

தடையும் மாறிவிட்டது. 'தியாகபூமி'யை நிறுத்த வெள்ளைக்காரன் உத்தரவு போட்டும் ஒரு பிரதி எங்கோ பிழைத்தது. 2023 டிசம்பரில் தியேட்டருக்கு வந்த 'அன்னபூரணி', எதிர்ப்பு வந்ததும் 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டது. சந்தா கட்டியவர்கள் எல்லோருடைய போனிலிருந்தும் ஒரே நேரத்தில் போயிற்று. படம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. சென்சார் சான்றிதழ் பெற்ற ஒரு படத்தைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யும் வழி பார்வையாளரிடம் இல்லாமல் போனது தவறு என்றே நினைக்கிறேன்.

புத்தகம் போட்டால் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சினிமாவுக்கும் அந்த அளவு உறுதியான கட்டாயம் வேண்டும். ஒரே இடத்தில் குவித்தும் வைக்கக் கூடாது. 2003 ஜனவரியில் புனே காப்பகத்தின் நைட்ரேட் கிடங்கே எரிந்தது.

அரசு செய்யும்வரை நம்மால் ஆவதும் உண்டு. தொலைந்த படங்களின் கதைச்சுருக்கமும் நடிகர் பட்டியலும் இன்று தெரிவது, கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களால்தான். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவற்றைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. இந்தச் சாலையோரத்தில் கொட்டகை நடத்திய குடும்பங்கள், ஆபரேட்டராக இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரணில் பாட்டுப் புத்தகமோ, நோட்டீசோ, துருப்பிடித்த ஃபிலிம் டப்பாவோ இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். டப்பாவை வெயிலிலும் நெருப்புப் பக்கத்திலும் வைக்காமல், முதலில் நூலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.