முறைக் கணக்கு வேறு, இரத்தக் கணக்கு வேறு

"சொத்து வெளியே போகாது; பெண்ணும் கண் முன்னாலேயே இருப்பாள்." சொந்தத்தில் சம்பந்தம் பேசும்போது நம் வீடுகளில் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். இதில் நியாயம் இல்லாமலும் இல்லை. மாமியாராக வரப்போகிறவள் பிறந்தது முதல் தூக்கி வளர்த்த அத்தை. புது வீட்டுக்குப் போகிறோமே என்ற பயம் பெண்ணுக்கு இல்லை. பெற்றவளுக்கும் நிம்மதி!

2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு 28 பேர் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 100-க்கு 11 பேர்தான்.

எங்கள் குடும்பமும் அந்த ரகம்தான். என் அம்மா தன் தாய்மாமனையே மணந்தவள். அதனால் அம்மாவைப் பெற்ற பாட்டி, அப்பாவின் அக்கா என்ற முறையில் எனக்கு அத்தையும் ஆகிறாள். "உங்களைப் பாட்டின்னு கூப்பிடறதா, அத்தைன்னு கூப்பிடறதா?" என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். "எப்படிக் கூப்பிட்டா என்னடி, சோறு போடறவ நான்தானே!" என்பாள். அடுத்த தலைமுறையில் என் அக்காவையும் அம்மாவின் தம்பிக்கே கொடுத்தார்கள்.

முறை என்பது என்ன?

அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும், அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகளும் நமக்கு உடன்பிறந்தவர் முறை. அவர்களைக் கட்டுவது என்று பேசினாலே காதைப் பொத்திக் கொள்வோம். அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் கட்டிக்கொள்ளும் முறை. வட இந்திய இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் மாமன் மகனும் அண்ணன்தான். முஸ்லிம் குடும்பங்களில் சித்தப்பா மகளையும் மணக்கலாம். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மாமன்-அக்காள் மகள், அத்தை-மாமன் பிள்ளைகள் திருமணங்களைத் தடை செய்யப்பட்ட உறவுகளில் சேர்த்தது. ஆனால் வழக்கம் இருக்கும் இடங்களில் அனுமதித்தும் விட்டது. ஆக, யார் அண்ணன், யார் மாப்பிள்ளை என்பது அந்தந்த சமூகம் போட்ட கணக்கு. உடம்புக்கு அது தெரியாது.

வந்த சோதனை

அக்காவின் இரண்டாவது பையன் இரண்டரை வயதாகியும் கூப்பிட்டால் திரும்பவில்லை. பிறவியிலேயே காது கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது. "வயித்துல இருக்கும்போது என்னத்தைத் தின்னாளோ" என்று உறவில் சிலர் வாய் கூசாமல் பேசினார்கள். பழி முழுவதும் அக்கா தலையில்! அந்தப் பையன் இன்று படித்து, கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான். அந்தப் பேச்சு மட்டும் அக்காவின் மனதிலிருந்து போகவே இல்லை.

அவனுடைய அக்காளுக்கு 22 வயதானபோது, என் அண்ணன் தன் மகனுக்குக் கேட்டார். முறைப்பெண்தான். எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பெண் மட்டும் என்னிடம் வந்து கேட்டாள்:

"ஏன் சித்தி, உங்க பையன் எனக்குத் தம்பி. மாமா பையன் மட்டும் முறை மாப்பிள்ளை. ரெண்டு பேரும் எனக்கு ஒரே தூரத்துச் சொந்தம்தானே? இரத்தத்துக்கு முறை தெரியுமா?"

சரியான கேள்வி! சித்தி மகனோடும் மாமன் மகனோடும் நமக்குப் பொதுவான மரபணுக்கள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு. தாய்மாமனோடு நான்கில் ஒரு பங்கு. நம் ஒவ்வொருவரிடமும் குறையுள்ள சில மரபணுக்கள் மறைந்து கிடக்கின்றன. ஒன்று மட்டும் இருந்தால் கெடுதல் இல்லை. தாய், தகப்பன் இருவரிடமும் அதே குறை இருந்து, குழந்தைக்கு இரண்டும் சேர்ந்துவிட்டால்தான் நோயாக வெளிப்படும். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒரே குறை இருக்கும் சாத்தியம் கூடுகிறது.

அதற்காக மிரள வேண்டாம். பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும். அத்தை-மாமன் பிள்ளைகள் மணந்தால் அது ஏறக்குறைய இரு மடங்கு. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்குக் குறை இருந்தால் கணக்கே மாறிவிடும்.

சென்னையில் ஒரு மரபியல் டாக்டரம்மாவிடம் எல்லோரும் போனோம். எங்கள் வம்சத்தைப் படமாக வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், தம்பதிகளுக்கு நடுவே ஒரு கோடு. சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இரட்டைக் கோடு! எங்கள் படத்தில் இரண்டு இடத்தில் இரட்டைக் கோடு விழுந்தது. மூன்றாவதாக ஒன்று போடலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் காது கேளாத பையனின் இரத்தத்தைச் சோதித்துக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பிறகு மற்ற இருவரையும் சோதித்தார்கள். இருவரிடமும் அந்தக் குறை மறைந்திருந்தது. "உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சரிபாதி பங்கு இதில். பெண்ணை மட்டும் சொல்ல ஒண்ணுமே இல்லை" என்று டாக்டரம்மா அக்காவின் முன்னாலேயே அந்தப் பெண்ணிடம் சொன்னார். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள்.

பெண்ணும் பையனும் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அண்ணன் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வெளியில் மாப்பிள்ளை அமைந்து கல்யாணம் நடந்தபோது, பட்டும் மாலையும் தட்டு வரிசையுமாகத் தாய்மாமன் சீர் கொண்டு வந்தவர் அவர்தான். சம்பந்தி ஆகாவிட்டால் உறவு விட்டுப் போய்விடுமா என்ன?

சொந்தத்தில் பேச்சு எழுந்தால்

* "இரத்த குரூப் வேற வேற, பயமில்லை" என்பது தவறு. இரத்தப் பிரிவுக்கும் இந்தக் குறைகளுக்கும் சம்பந்தம் இல்லை.

* "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லை" என்பதும் போதாது. தலைமுறை தலைமுறையாக மறைந்தே வரலாம்.

* காது கேளாமை, தலசீமியா, மன வளர்ச்சிக் குறை, காரணம் தெரியாத சிசு மரணம் என்று குடும்பத்தில் ஏதாவது இருந்தால் மூடி மறைக்காதீர்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

* ஏற்கெனவே சொந்தத்தில் மணந்தவர்கள் கலங்க வேண்டாம். கருத்தரிப்பதற்கு முன்போ, கருவுற்ற உடனேயோ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கேன் எல்லாக் குறையையும் காட்டாது.

* குழந்தை பிறந்த முதல் மாதத்திலேயே காது கேட்கிறதா என்று சோதியுங்கள். தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்து, வலியில்லாமல் சில நிமிடங்களில் பார்த்து விடுவார்கள். குறை தெரிந்தால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கினால் பேச்சும் நன்றாக வரும்.

* குறையோடு குழந்தை பிறந்துவிட்டால் தாயைப் பழிக்காதீர்கள். பழிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே வாயை அடையுங்கள்.