குதிரைக்கு மூச்சு எப்படி?

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதஸ்வாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. கத்தியவார், மார்வார்க் குதிரைகள் அலங்காரத்தோடு வரிசையாக நிற்கும். வாங்க வருகிறவர்கள் சுழி பார்ப்பார்கள். பல்லைப் பிடித்து வயதைக் கணிப்பார்கள். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள். மூச்சைப் பார்க்கிறவர் அரிது. வீடு வந்த குதிரை நாலு பர்லாங்கு ஓடி இளைத்து நின்றுவிட்டால், சுழி சுத்தமாயிருந்து என்ன பயன்?

குதிரைக்கும் ஆஸ்த்மா உண்டு. பூஞ்சணம் பிடித்த வைக்கோலிலும் உலர்ந்த புல்லிலும் எழும் தூசியே பெரும்பாலும் காரணம். பீளமேட்டில் உபாத்தியாயர் தொழில் பார்க்கும் நமக்கு இது வியப்பளிக்கவில்லை. பஞ்சுத் தூசியில் நெடுநாள் உழைத்த ஆலைத் தொழிலாளிக்கு, விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகும் நோய் உண்டல்லவா? ஆனால் அவரிடம் ஒரு குழாயைக் கொடுத்து, "நன்றாக மூச்சை இழுத்து ஒரே தம்மில் ஊதுங்கள்" என்று சொல்லலாம். முதல் விநாடியில் வெளிவரும் காற்றைக் கருவி அளந்துவிடும். குதிரையிடம் சொல்லிப் பாருங்கள்! போதாக்குறைக்கு, அது வாயால் மூச்சு விடாத பிராணி.

ஆகவே வெளிக்குறிகளைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஓய்வாக நிற்கும் குதிரை நிமிஷத்துக்கு 8 முதல் 16 தடவை சுவாசிக்கும். ஒவ்வொரு தடவையும் சுமார் 5 லிட்டர் காற்று. நமக்கோ அரை லிட்டர்தான். நாலுகால் பாய்ச்சலில் தாவலுக்கு ஒரு மூச்சாக, நிமிஷத்துக்கு 120-க்கு மேல் போகும். நிற்கும்போதே எண்ணிக்கை ஏறி, நாசி விரிந்திருந்தால் சந்தேகிக்க வேண்டும். மூச்சை வெளிவிடுகையில் வயிறு பலமாக உந்துகிறதா என்றும் கவனிக்கவேண்டும். நோய் முற்றிய குதிரைக்கு அந்தத் தசை தடித்து, விலாவோரம் ஒரு கோடே விழுந்திருக்கும்.

மிருக வைத்தியர்கள் செய்யும் யுக்தி ஒன்று ரஸமானது. குதிரையின் மூக்கின்மேல் பெரிய பையொன்றைச் சற்று நேரம் பிடிக்கிறார்கள். தான் விட்ட காற்றையே திரும்ப இழுப்பதால் கரியமிலவாயு மிகுந்து, குதிரை தானாகவே ஆழ்ந்து சுவாசிக்கும். அப்போது ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சாதாரணமாய்க் கேளாத இரைச்சலும் கேட்கும். பையை எடுத்தபின் இருமினாலும், மூச்சு நிதானப்படத் தாமதமானாலும் கோளாறு என்று ஊகிக்கலாம். ஏற்கனவே திணறும் குதிரைக்கு இந்தச் சோதனை ஆகாது. மேலும் தெளிவு வேண்டுமானால், மூக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் சுவாசகோசத்தைக் கழுவி, அந்நீரிலுள்ள அணுக்களை ஆராய்கிறார்கள்.

ஒரு சங்கடமும் உண்டு. திறந்த வெளியில் பச்சைப்புல் மேய்ந்து வரும் குதிரையிடம் இந்நோய் அடங்கியே இருக்கும். லாயத்தில் கட்டி வைக்கோல் போட்ட பிறகே தலைகாட்டும். ஆதலால் சந்தையில் பார்த்ததோடு நில்லாமல், விற்பவரின் லாயத்துக்கே போய், அது தீனி தின்னும்போதும் ஓடி வந்த பின்னும் பார்ப்பது நலம். வாங்கியாகிவிட்டதென்றால், இன்று முதல் வைக்கோலை நன்றாக நனைத்துப் போடுங்கள். லாயத்தைப் பெருக்கும்போது குதிரையை வெளியே கட்டுங்கள்.