ஒரே டீச்சர், ஒரே பாடம்... ஒரு பிள்ளைக்குப் புரிவது இன்னொரு பிள்ளைக்கு ஏன் புரிவதில்லை?

52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு பிள்ளை சட்டென்று 25 என்கிறது. இன்னொன்று, 12-ல் 7 போனால் எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணுகிறது. எண்ணி முடிப்பதற்குள், பத்தைக் கடன் வாங்கியதே மறந்துபோகிறது!

மக்குத்தனமா? இல்லவே இல்லை. மூளையில் புதுப் பாடத்தைக் கையாளும் இடம் ரொம்பச் சின்னது; இரண்டு பர்னர் அடுப்பு மாதிரி. சின்னக் கழித்தலே இரண்டையும் பிடித்துக்கொண்டால் புதியதை எங்கே ஏற்றுவது? அந்தக் கழித்தல் மனதில் பதிந்துவிட்டால் ஒரு பர்னர் காலி.

எனவே வயதை அல்ல, நிலையைப் பார்த்துத் தொடங்க வேண்டும். தமிழகத்தில் 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது இதற்காகத்தான். (டீச்சர் பாடுதான் திண்டாட்டம்!)

உங்கள் பிள்ளை எந்த இடத்தில் விரல்விட்டு எண்ண ஆரம்பிக்கிறது என்று கவனியுங்கள். அங்கிருந்து சொல்லிக்கொடுங்கள்.